அம்மாவுக்கு எந்த டாக்டர்? சென்னையில் நாங்கள் பார்த்த நான்கு வழிகள்

போன ஆவணியில் ஒரு நாள், விடியற்காலை மூன்றரை மணிக்கு அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். வயது 77. அயனாவரத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடம், இரண்டாவது மாடி. நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. நெற்றியில் 4 தையல், இடுப்பில் ஒரு மாதம் மறையாத கன்றல். ஆனால் அதன் பிறகு எழுந்து நடக்கவே பயந்தார். "சுவரைப் பிடிச்சுக்கிட்டேதான் போறேன்டி, தரை நகர்ற மாதிரி இருக்கு" என்பார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு: இனி அம்மாவை எங்கே காட்டுவது? பெங்களூரிலிருந்து தம்பி போனில், "அக்கா, பேசாம பெரிய ஆஸ்பத்திரில சேர்த்து எல்லா டெஸ்டும் எடுத்துடலாம், செலவை நான் பாத்துக்கறேன்" என்றான். அம்மாவோ, "எனக்கு நம்ம தெருமுனை டாக்டர் போதும், அவருக்குத் தெரியாததா?" என்றார். என் கணவர் கிண்டியில் முதியோருக்கென்றே திறந்திருக்கும் அரசு மருத்துவமனையைச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா, "டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் இப்ப வீட்டுக்கே வர்றாங்க, எதுக்கு அவங்களை மாடி ஏறி இறங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார். நான்கும் அன்போடு சொன்ன வழிகள்தான். ஒவ்வொன்றிலும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டோம். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் வீடுகள் இப்போது நிறைய. மக்கள்தொகைக் கணிப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் ஆவார்கள். அந்த வீடுகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி, தனித்தனி ஸ்பெஷலிஸ்ட்

இதை முதலில் சொல்லக் காரணம், விழுவதற்கு முன்பே அம்மா இந்த வழியில்தான் இருந்தார். இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். விழுந்த அன்று மாலை அவருடைய மாத்திரை டப்பாவைக் கட்டிலில் கொட்டி எண்ணினேன். மொத்தம் 11 வகை, நான்கு பேர் எழுதியவை. அந்த நான்கு சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்து யாருமே பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

பிறகு ஒரு டாக்டர் எங்களுக்கு விளக்கிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்மா அம்லோடிபின் சாப்பிட்டார். நல்ல மருந்து, ஊரில் பாதிப் பேர் சாப்பிடுவது. அது சிறிய ரத்தக் குழாய்களை விரிப்பதால் சிலருக்குக் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்ளும். அம்மாவுக்கும் கால் வீங்கியது. அடுத்த தடவை போனபோது வழக்கமான டாக்டர் இல்லை. அங்கிருந்தவர் வீக்கத்தைப் பார்த்து, நீர் பிரியும் மாத்திரை எழுதினார். காலையில் போட வேண்டிய அதை அம்மா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி நான்கு முறை எழ வேண்டியதாயிற்று, தூக்கம் கெட்டது. தூக்கமில்லை என்று இன்னொருவரிடம் சொன்னதும் அல்ப்ரசோலம் வந்தது. தூக்க மாத்திரையின் மந்தம் ஒரு பக்கம், உடம்பில் நீர் குறைந்து எழும்போது இறங்கும் ரத்த அழுத்தம் இன்னொரு பக்கம். அந்த நிலையில் இருட்டில் அவசரமாக எழுந்தவர்தான் வாசலில் விழுந்தார்.

ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னால் இருந்த குறைக்கு உரிய மருந்தைத்தான் எழுதியிருக்கிறார். ஒரு மாத்திரையின் விளைவை அடுத்தவர் புது நோய் என்று எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. முதியோருக்கு மருந்து இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவதை, 1997-லேயே பவுலா ரோஷன், ஜெரி குர்விட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சங்கிலியாக விவரித்து எழுதியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, என் அம்மாவின் நெற்றித் தையலில் அதைத் தெரிந்துகொண்டேன்.

இதனால் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நெஞ்சுவலி, வாய் கோணி பேச்சுக் குழறுவது, விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போவது, இவற்றுக்கு வேறு வழியை யோசிக்கவே கூடாது; 108-ஐக் கூப்பிட்டு நேரே போக வேண்டும். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதிலும் சீக்கிரம் போனால்தான் பலன். இடுப்பெலும்பு முறிந்தால், முடிந்தவரை ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது. இப்படிப்பட்ட வைத்தியத்தில் இந்த ஊர் நாட்டுக்கே முன்னோடி. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கும் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான் 1975-ல் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார்.

தம்பி சொன்னதோ வேறு: நாலு நாள் சேர்த்து எல்லாம் பார்த்துவிடலாம் என்பது. அதற்குத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலே ஒரு ஆபத்து. 2007-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சராசரி வயது 67 உள்ள, நல்ல ஆரோக்கியமான 11 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விட்டது. நோயில்லாத உடம்புக்கே இந்தக் கதி.

அடுத்தது குழப்பம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஐசியுவில் இரண்டாம் நாள் யார் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்லத் தொடங்குவார். 2016-ல் என் அப்பாவுக்கு அப்படி ஆனது. என்னை அவருடைய தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டியூபைப் பிடுங்குகிறார் என்று கைகளைக் கட்டிவைத்திருந்தார்கள். வயசாயிட்டா அப்படித்தான் என்றார்கள், நாங்களும் நம்பினோம். ஆனால் 1999-லேயே ஷரன் இனூய் என்ற டாக்டர் அமெரிக்காவில், 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளியாகியிருக்கிறது. கண்ணாடியைக் கொடுப்பது, காது மெஷினை மாட்டிவிடுவது, தினமும் நடக்க வைப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, ராத்திரி தொந்தரவில்லாமல் தூங்க விடுவது, இன்று என்ன கிழமை என்று பேசிக்கொண்டிருப்பது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த வார்டில், குழப்பம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள். அப்பாவின் கண்ணாடி அந்தப் பத்து நாளும் என் கைப்பையில்தான் இருந்தது. சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தால், கண்ணாடி, பல்செட், காது மெஷின், ஒரு சுவர்க் கடிகாரம் இவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். நடக்க வைக்கலாமா என்று தினமும் கேளுங்கள்.

பணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் அதுதான் வழியைத் தீர்மானிக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை தருகிறது. 70 வயதைத் தாண்டிய எல்லாருக்கும், வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தனியார் பாலிசிக்கும் 65 வயது வரம்பு 2024-ல் நீங்கிவிட்டது. நல்லதுதான். ஆனால் இவை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிடைக்கும் பணம். மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பதும் மாத்திரையும் பிசியோதெரபியும் கையிலிருந்துதான். "எப்படியும் இன்ஷூரன்ஸ் இருக்கே, சேர்த்துடலாம்" என்று பேச்சு அந்தப் பக்கமே சாய்கிறது. எங்கள் வீட்டிலும் சாய்ந்தது.

தெருமுனை டாக்டர்

அம்மா நம்பும் டாக்டர் எங்கள் தெருவில் 30 வருடமாக கிளினிக் வைத்திருப்பவர். அப்பாவின் ஆஸ்துமா, என் பிரசவம், என் பிள்ளைகளின் அம்மை எல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்தப் பழக்கத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. நார்வேயில் 2021-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருடமே ஆனவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரி அட்மிஷன், மரணம் மூன்றுமே கால் பங்கோ அதற்கு மேலோ குறைவாக இருந்தன. ஒரே டாக்டரோடு இருப்பவர்கள் வேறு வகையிலும் நிலையான வாழ்க்கை உள்ளவர்களாக இருக்கலாம், எல்லாப் பெருமையும் டாக்டருக்கே சேராது. இருந்தாலும் அம்மாவின் நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு.

குறை நேரம்தான். மாலை ஆறரைக்குப் போனால் முன்னால் 20 டோக்கன் இருக்கும். உள்ளே கிடைப்பது நாலைந்து நிமிடம். 11 மாத்திரையை அலசி ஆராய அது போதாது. அவரே அதைச் சொன்னார்: "பெரிய டாக்டர் எழுதினதை நான் எப்படிம்மா நிறுத்தறது?" நேர்மையான பதில். அப்போதுதான் எங்களுக்கு வேண்டியது என்னவென்று தெளிந்தது. அம்மாவை முழுசாகப் பார்த்து, வேண்டாததை நிறுத்தச் சொல்லும் தைரியமும் படிப்பும் உள்ள ஒருவர்.

முதியோர் நல மருத்துவர்

குழந்தைகளுக்குத் தனி டாக்டர் இருப்பதுபோல் முதியோருக்கும் தனிப் படிப்பு உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. இந்தியாவில் அது வேர் பிடித்ததே சென்னையில்தான். டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான வெளிநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் இதற்கான எம்.டி. படிப்பு வந்தது. 2012-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. இப்போது கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. 200 படுக்கை. 2020-ல் அந்தக் கட்டடம் முதலில் கொரோனா ஆஸ்பத்திரியாகத்தான் வேலை செய்தது. முதியோருக்கென்று முறையாகத் திறந்தது 2024 பிப்ரவரியில். தனியாரிலும் முதியோர் நல மருத்துவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போனது கிண்டிக்கு.

அங்கே கேட்டவையும் பார்த்தவையும் நாங்கள் அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் காணாதவை. ரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நிற்க வைத்து மறுபடியும் எடுத்தார்கள். படுத்தபோது மேல் எண் 148, நின்றபோது 118. இருபதுக்கு மேல் இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். 'தரை நகர்ற மாதிரி' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததற்கு அர்த்தம் அந்த முப்பதில் இருந்தது. அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு. அம்மாவுக்கு 21 விநாடி. இதை நீங்களே வீட்டுக் கூடத்தில் போனில் நேரம் வைத்துப் பார்க்கலாம், பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும்.

காதில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்தார்கள். கால் நகத்தைப் பார்த்தார்கள். மூன்று வார்த்தை சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். பருப்பு, முட்டை எவ்வளவு சாப்பிடுகிறார், ராத்திரி பாத்ரூமில் விளக்கு எரிகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று விசாரித்தார்கள். கடைசியில் டாக்டர் அம்மாவிடம், "உங்களுக்கு என்னம்மா செய்ய முடிஞ்சா சந்தோஷம்?" என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. "பிரதோஷத்துக்கு நானே இறங்கி சிவன் கோயிலுக்குப் போயிட்டு வரணும்." சர்க்கரை எத்தனை, கொழுப்பு எத்தனை என்றுதான் இதுவரை பேசியிருக்கிறோம். இதை நான்கூட அவரிடம் கேட்டதில்லை.

இந்த மாதிரி முழுப் பரிசோதனைக்கு வெறும் நல்ல பெயர் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. 1930-களில் மார்ஜரி வாரன் என்ற டாக்டர், லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இனி எழ மாட்டார்கள் என்று ஒதுக்கிவைத்திருந்த முதியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, நடக்கப் பழக்கி, பலரை வீட்டுக்கு அனுப்பினார். அங்கே தொடங்கிய முறை இது. 2017-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை, 13,766 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதியோரில் இப்படி முழுசாகப் பார்க்கப்பட்டவர்கள், பிறகு உயிரோடு தங்கள் சொந்த வீட்டிலேயே இருப்பதற்கு வாய்ப்புக் கூடுதல் என்று கண்டது. வித்தியாசம் பிரமாண்டமானது இல்லை. ஆனால் எந்தப் புது மாத்திரையும் இல்லாமல் கிடைத்த வித்தியாசம்.

மாத்திரைகள் 11-லிருந்து 6 ஆயின. அம்லோடிபினுக்குப் பதில் வேறு மருந்து வந்தது, வீக்கம் வடிந்தது, நீர் மாத்திரை நின்றது. அல்ப்ரசோலத்தை இரண்டு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஆஸ்பிரினையும் நிறுத்தினார்கள். அம்மாவுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, ஸ்டென்ட் இல்லை. யாரோ முன்னெச்சரிக்கையாக எழுதியது. 2018-ல் வெளியான ஆஸ்பிரீ என்ற ஆய்வு, ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியோரை வைத்து நடந்தது. ஆரோக்கியமாக இருக்கும் முதியவர்களுக்குத் தினசரி ஆஸ்பிரின் நல்லபடி வாழும் காலத்தைக் கூட்டவில்லை, ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின் உயிர் காப்பது. தூக்க மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டப்பாவை அப்படியே அள்ளிக்கொண்டு போய் ஒரு டாக்டர் முன்னால் கொட்டுங்கள், அது போதும்.

இந்த வழியின் கஷ்டம் போய்வருவதுதான். காலையில் கிளம்பினால் பாதி நாள் போகும், எனக்கு ஒரு லீவு. படி இறங்கவே முடியாதவர்களுக்கு இது இன்னும் கடினம். மறதிநோய் முற்றிய வீடுகளுக்கு வேறு துணையும் வேண்டும். 1984-லிருந்து சென்னையில் இயங்கும் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு அப்படிப்பட்ட குடும்பங்களுக்கும் உதவுகிறது.

வீட்டுக்கே வரும் வைத்தியம்

விழுந்த முதல் மூன்று வாரம் ஏஜென்சி மூலம் ஒரு அட்டெண்டர் அம்மா வந்தார். அன்பானவர். ஆனால் அம்மாவை எழ விடாமல் எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் நல்ல கவனிப்பு என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். மூன்றாம் வாரம் அம்மாவால் கைபிடிக்காமல் எழவே முடியவில்லை. ஆள் வைப்பதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கூடவே நடங்கள், தூக்கிவிடாதீர்கள்.

வீட்டு வைத்தியத்தில் எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது பிசியோதெரபிதான். வாரம் மூன்று நாள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலைத் தூக்குவது. பார்த்தால் விளையாட்டுபோல இருக்கும். 2019-ல் காக்ரேன் சேர்த்துப் பார்த்த 108 ஆய்வுகளின்படி, இப்படிச் சமநிலையும் கால் பலமும் தரும் பயிற்சி முதியோர் விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது. அரசு வழியிலும் இது உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் சேர்த்தி. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள். எழவே முடியாதவர்கள் உள்ள வீட்டில் நான் இந்த வழியைத்தான் முதலில் வைப்பேன். அம்மா போல நடமாட வாய்ப்புள்ளவர்களுக்கு இது மட்டுமே போதாது. மாடியிலேயே எல்லாம் வந்துவிட்டால் மாடியை விட்டு இறங்கக் காரணமே இல்லாமல் போய்விடும்.

நாங்கள் எடுத்த முடிவு

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிண்டி. அங்கே எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு மாதாமாதம் தெருமுனை டாக்டர். அவரிடம் நானே கேட்டுக்கொண்டேன்: இனி யார் என்ன மாத்திரை எழுதினாலும் உங்களிடம் காட்டிய பிறகுதான் டப்பாவுக்குள் போகும். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லி வேறொருவர் கையெழுத்து இருப்பது அவருக்கும் தெம்பு. இதய டாக்டர் வருடத்துக்கு ஒரு முறை. பிசியோதெரபிஸ்ட் இப்போது வாரம் ஒரு நாள்தான், மற்ற நாளில் என் மகள் பாட்டியோடு சேர்ந்து செய்கிறாள். அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவது, மாத்திரைப் பட்டியல் எங்கே என்பதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர் இரண்டு மாத்திரையோடு தினமும் கடைக்குப் போய்வருபவரென்றால் இவ்வளவு அலைச்சல் வேண்டாம், பழகிய டாக்டரே போதும். மாத்திரை ஐந்தைத் தாண்டிவிட்டதா, ஒரு தடவை விழுந்தாரா, சாப்பாடு குறைந்து மெலிகிறாரா, மறதி புதிதாகத் தெரிகிறதா? அப்படியானால் ஒரே ஒரு முறையாவது முதியோர் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. தம்பியும் இப்போது இதைத்தான் அவன் மாமனாருக்குச் சொல்கிறான்.

போன பிரதோஷத்தன்று அம்மா 38 படியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் இரண்டு படி கீழே, முகம் அவர் பக்கம் திருப்பி. கோயிலில் ஒரு பிரகாரம்தான் சுற்றினார், ஏறும்போது முதல் மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அடுத்த கிண்டி தேதி தை மாதம் வருகிறது. அன்று கேட்க வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் அவரே எழுதி வைத்திருக்கிறார்: இடது முழங்கால், நிமோனியா தடுப்பூசி, மூன்று பிரகாரம் சுற்றலாமா.